குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குப் பின்னும் கரு தரிக்குமா?

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பின் மாதவிடாய் தள்ளிப்போனால், “ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, வேறு ஏதோ காரணமாக இருக்கும்” என்று பல பெண்கள் வாரக்கணக்கில் காத்திருக்கின்றனர். அந்தக் காத்திருப்பு சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. ஆகவே இவ்விதழில் இதைப் பற்றி விளக்க விரும்புகிறோம்.

வாய்ப்பு எவ்வளவு?

பெண்களுக்கான கருத்தடை அறுவை நம்பகமான முறைகளுள் ஒன்று. ஆயினும் அது நூற்றுக்கு நூறு உறுதியானதன்று. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1996ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி, அறுவைக்குப் பிந்தைய 10 ஆண்டுகளில் 1,000 பெண்களுள் ஏறத்தாழ 18 அல்லது 19 பேருக்குக் கரு தரித்தது.

இந்த எண்ணிக்கை முறைக்கு முறை வேறுபட்டது. பிரசவத்தை ஒட்டிக் குழாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களில் 1,000க்கு 7 அல்லது 8 பேர். லேப்ராஸ்கோப்பி வழியாக வளையம் பொருத்தியவர்களில் சுமார் 18 பேர். கிளிப் பொருத்தியவர்களில் சுமார் 37 பேர். இளம் வயதில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். அவர்கள் கருத்தரிக்கும் ஆற்றலும் அதற்கான ஆண்டுகளும் மிகுதியாக உள்ளவர்கள் அல்லவா? முதல் ஆண்டு கடந்துவிட்டால் அச்சமில்லை என்பதும் சரியன்று. பல ஆண்டுகளுக்குப் பின்னரும் கரு தரித்ததுண்டு.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

கருமுட்டையும் விந்தணுவும் சந்திக்கும் இடம் கருக்குழாய். அறுவையில் அவ்வழி அடைக்கப்படுகிறது. உடலோ காயத்தை ஆற்றிக்கொள்ளும் இயல்புடையது. வெட்டப்பட்ட முனைகள் மீண்டும் இணையலாம். ஆறிய இடத்தில் நுண்ணிய துளை உண்டாகலாம். அரிதாக, வளையம் குழாயை முழுமையாகப் பற்றாமலோ, அருகிலுள்ள தசைநாரில் விழுந்தோ இருக்கலாம். சிலருக்கு, அறுவை நாளன்றே, சோதனையில் தெரியாத அளவுக்கு மிக இளம் கரு இருந்திருக்கலாம். மாதவிடாய் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அல்லது பிரசவத்தை ஒட்டி அறுவை செய்வது நல்லது என்று நாங்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

கவனிக்க வேண்டிய ஆபத்து

மேற்கூறிய ஆய்வில், அறுவைக்குப் பின் தரித்த கருக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயிலேயே தங்கியது. விந்தணு நுழையப் போதுமான சிறு வழியில், கருவுற்ற முட்டை திரும்பி வர இயலாமல் சிக்கிக்கொள்கிறது. அங்கு வளரும் கரு குழாயை வெடிக்கச் செய்து, வயிற்றுக்குள் பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கும்.

மாதவிடாய் தள்ளிப்போதல், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, சிறிது சிறிதாக உதிரம் படுதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டும். இவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அறுவை செய்துகொண்டவர் என்பதை முதலிலேயே கூறுங்கள்.

வலி ஏதும் இல்லாவிட்டாலும், மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனால் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பம் எனத் தெரிந்தால், கரு எங்கே உள்ளது என்பதை ஸ்கேன், இரத்தச் சோதனை ஆகியவற்றால் அறிகிறோம். குழாய்க் கர்ப்பம் தொடக்கத்திலேயே தெரிந்தால் பலருக்கு ஊசி மருந்தே போதும். பிந்தினால் அறுவையே வழி.

கணவருக்கும் குடும்பத்தாருக்கும்

அறுவைக்குப் பின் கர்ப்பமானதைச் சொல்ல அஞ்சி மறைக்கும் பெண்கள் உண்டு. வீட்டார் தம் ஒழுக்கத்தை ஐயுறுவர் என்பதே அவ்வச்சம். மேலே கண்ட காரணங்கள் யாவும் உடலைச் சார்ந்தவை. பெண்ணின் நடத்தை அவற்றுள் ஒன்றன்று. ஐயத்தை விடுத்து அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருவதே குடும்பத்தாரின் கடமை.

உரிமைகள்

கரு கருப்பையினுள் இயல்பாக இருந்தால், அதைத் தொடர்வதா வேண்டாமா என்பது அப்பெண்ணின் முடிவு. கருத்தடை முறை தவறியதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம்வரை சட்டப்படி கலைத்துக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் இவ்வுரிமை மணமாகாதவர்க்கும் உண்டு. கருவைத் தொடர விரும்புவோர் அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையில் தங்கிய கரு ஏனைய கர்ப்பங்களைப் போலவே வளரும்.

அரசு மருத்துவமனையிலோ அரசின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலோ அறுவை செய்துகொண்டவர்க்கு, அது தவறினால் இழப்பீடு வழங்கும் அரசுத் திட்டம் உள்ளது. கர்ப்பம் தெரிந்த 90 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் கருத்தடைச் சான்றிதழையும் சோதனை அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அறுவை செய்துகொண்டவர்கள் அன்றாடம் அஞ்சி வாழத் தேவையில்லை. ஆயிரத்தில் மிகப் பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுதும் பயன் தருகிறது. மாதவிடாய் தள்ளிப்போனால் மட்டும் காத்திராமல் சோதித்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.