வீட்டில் களவு: காப்புறுதிக்குச் சொல்வதா, விடுவதா?

லண்டனில் தமிழர் வீட்டில் களவு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது நகையைப் பற்றித்தான். தாலிக்கொடியும் காப்பும் போய்விட்டால் காப்புறுதி நிறுவனத்தை அழைப்பதற்கு யாரும் தயங்குவதில்லை. தயக்கம் வருவது சின்னக் களவில். தோட்டத்துக் கொட்டிலை உடைத்து ஒரு சைக்கிளைக் கொண்டுபோயிருப்பார்கள்; யன்னலால் கையை விட்டு ஒரு லப்டொப்பை எடுத்திருப்பார்கள். உடனே உறவினர் ஒருவர் சொல்லுவார்: “இதைப் போய்ச் சொன்னால் வாற வருஷம் பிரீமியத்தைக் கூட்டிப்போடுவாங்கள். பேசாமல் விடு.”

பணக் கணக்கில் அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். போன பொருளின் பெறுமதி 400 பவுண்ஸ், உங்கள் பாலிசியின் எக்சஸ் 250 பவுண்ஸ் என்றால் கையில் வருவது 150 பவுண்ஸ். அதற்காக, சேர்த்து வைத்த நோ-கிளெய்ம் கழிவை இழந்து, பின்வரும் சில ஆண்டுகளுக்குக் கூடுதல் பிரீமியமும் கட்ட நேரலாம். அப்படியான இழப்புக்குப் பணம் கேட்காமல் விடுவதே நல்லது என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் பணம் கேட்காமல் விடுவது வேறு, களவு நடக்கவே இல்லை என்பதுபோல் இருந்துவிடுவது வேறு. பாலிசியைப் புதுப்பிக்கும்போதும், புதிய நிறுவனத்துக்கு மாறும்போதும் ஒரு கேள்வி வரும். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்களுக்குக் களவோ இழப்போ சேதமோ ஏற்பட்டதா, பணம் கோரியிருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. அதற்கு ‘இல்லை’ என்று அழுத்துகிற இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் இதில் தெளிவானது. கேட்காததை நீங்களாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டதற்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் தவறான பதில் கொடுத்திருந்தால், கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்துக்கு ஏற்ற விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். 400 பவுண்ஸ் கட்டியிருக்க வேண்டியவர் 300 கட்டியிருந்தால் முக்கால் பங்குதான் கிடைக்கும். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் பாலிசியையே செல்லாததாக்கலாம். கட்டிய காசும் பொதுவாகத் திரும்பாது. சைக்கிளை மறைத்தவருக்கு, பிறகு வீடு எரிந்தால் ஒன்றும் கிடைக்காமல் போகக்கூடும். நிறுவனங்கள் பழைய சம்பவங்களைப் பார்ப்பதற்கென்றே 1994 முதல் பொதுவான தரவுத்தளம் ஒன்றும் இயங்குகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் கேட்காமல் தகவல் மட்டும் கொடுத்தாலும் அது பதிவாகலாம், பிரீமியமும் கூடலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. காசு வாங்காதவரைத் தண்டிப்பதால்தான் சனம் பொய்யின் பக்கம் போகிறது. ஆனாலும் அந்தப் பொய்க்குக் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரிது.

பொலிஸுக்குச் சொல்வதில் மட்டும் இரண்டாவது யோசனையே வேண்டாம். கள்ளன் இன்னும் வீட்டுக்குள் இருந்தால் 999. மற்றபடி 101 அல்லது இணையம். அவர்கள் தரும் குற்றப் பதிவு இலக்கத்தைக் குறித்துவையுங்கள். பல நாள் கழித்துத்தான் மோதிரம் ஒன்றும் காணவில்லை என்று தெரியவரும். அந்த இலக்கம் இல்லாமல் அப்போது எதையும் கேட்பது கடினம். களவை உடனே அறிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலான பாலிசிகளின் நிபந்தனை. அதனால் முடிவெடுப்பதையும் வாரக்கணக்கில் இழுக்கக்கூடாது.

பணம் கேட்பதென்று தீர்மானித்தால் எங்கள் ஆட்கள் இடறுகிற இடங்கள் சில உண்டு. அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில், கதவையோ யன்னலையோ உடைத்து நுழைந்த அடையாளம் இல்லாவிட்டால் பல பாலிசிகள் பணம் தராது. தனியாகக் குறிப்பிடாத நகை ஒன்றுக்கு உச்சவரம்பு இருக்கும். பல பாலிசிகளில் அது 1,500 பவுண்ஸ் அளவுதான். ஒரு தாலிக்கொடிக்கு அது எந்த மூலைக்கு? மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது: போகாத சங்கிலி ஒன்றையும் பட்டியலில் சேர்ப்பது. 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின்படி, ஏமாற்றிக் கேட்ட கோரிக்கைக்கு நிறுவனம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. உண்மையாகவே களவு போன நகைக்கான பணமும் அதோடு போய்விடும்.

நிறுவனத்தின் முடிவு அநியாயமென்று தோன்றினால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிதித்துறை ஒம்பூட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, சட்டத்தரணியும் தேவையில்லை.