நாற்பது கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பட்டியல்

காவல் நிலையச் சுவரில் 'தேடப்படும் நபர்கள்' என்று வரிசையாகப் படங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள காவலர் அவர்களில் ஒருவரையும் நேரில் கண்டிருக்க மாட்டார். படம் இருப்பதால்தான், சந்தையில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுகொள்கிறார். சரி, நேற்று மாலை திருடியவனின் படம் இன்னும் வந்து சேரவில்லை என்றால்? அவன் காவலருக்கு ஒரு வணக்கமும் சொல்லிவிட்டு நடந்து போகலாம் அல்லவா?

கம்ப்யூட்டரில் இருக்கும் வைரஸ் தடுப்பு நிரலின் நிலையும் ஏறத்தாழ இதுதான். கம்ப்யூட்டர் வைரஸ் என்பது உயிருள்ள கிருமி அன்று. யாரோ ஒரு மனிதர் எழுதிய கட்டளைத் தொடர். படமானாலும், பாட்டானாலும், வைரஸானாலும், கம்ப்யூட்டருக்குள் எல்லாமே பைட்டுகளின் வரிசைதான். ஒரு பைட் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளில் ஒன்றைப் பெறும். வைரஸை ஆராய்வோர் அதன் உடலிலிருந்து, வேறெங்கும் காணப்படாத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் பள்ளிச் சான்றிதழில் 'வலது முன்கையில் ஒரு மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதுகிறார்களே, அதைப் போன்றது இது.

இந்த வரிசை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? 2 பைட்டுகள் போதும் என்று வைத்துக்கொண்டால், 256 × 256 = 65,536 வகைகளே உண்டு. வட்டிலோ கோடானுகோடி பைட்டுகள் இருக்கின்றன. ஒரு பாவமும் அறியாத கோப்புகள் ஆயிரக்கணக்கில் 'வைரஸ்' என்று பிடிபடும்! 16 பைட்டுகள் எடுத்தால் வகைகள் சுமார் 3.4 × 10³⁸ ஆகிவிடுகின்றன. தற்செயலாகப் பொருந்துவது நடவாத காரியம் என்றே சொல்லலாம். (பைட்டுகள் குலுக்கிப் போட்டாற்போல் அமைவதில்லையாதலால், இது தோராயக் கணக்கே.) இப்படிப்பட்ட அடையாளங்களின் தொகுப்பைத்தான் வைரஸ் பட்டியல் என்கிறோம்.

1986இல் தோன்றிய 'பிரெயின்' என்ற வைரஸ், பிளாப்பி வட்டில் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸோ, மின்னஞ்சலில் ஏறி ஒரே நாளில் உலகைச் சுற்றிவிட்டது. சில நாட்களுக்குள் சிறு சிறு மாற்றங்களுடன் அதன் தம்பிகளும் வந்துவிட்டன. பட்டியலையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இன்று இப்பட்டியல்கள் ஒரே நாளில் பலமுறை வெளியாகின்றன. பட்டியலில் இல்லாத வைரஸை அதன் நடத்தையைக் கொண்டு சந்தேகிக்கும் முறைகளும் உண்டு. ஆயினும் பட்டியலுக்கு வேலை போய்விடவில்லை.

இனி ஓர் அலுவலகத்துக்குள் நுழைவோம். நாற்பது கம்ப்யூட்டர்கள், வெளியுலகுடன் இணைக்கும் இணைப்பு நொடிக்கு 20 மெகாபிட் வேகம். பட்டியல் 100 மெகாபைட், அதாவது 800 மெகாபிட் என்று கொள்வோம். காலை பத்து மணிக்கு நாற்பதும் தனித்தனியே அதைக் கேட்டால், 40 × 800 = 32,000 மெகாபிட் வந்தாக வேண்டும். 20ஆல் வகுத்தால் 1,600 நொடிகள், ஏறக்குறைய 27 நிமிடங்கள்! அதுவரை அலுவலகத்தில் ஒரு கடிதம்கூட நகராது.

இதற்கு வழி எளிது. சர்வர் என்னும் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் பட்டியலை ஒருமுறை இறக்கிக்கொள்ளும். அதற்கு 40 நொடிகள். அலுவலகத்தின் உள் கம்பிகள் நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்த வல்லவை. ஆகவே நாற்பதுக்கும் பங்கிட 32 நொடிகள் போதும். நடைமுறையில் இதைவிடவும் குறைவு. நேற்றைய பட்டியல் ஏற்கெனவே இருப்பதால், இன்று சேர்ந்த பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமே. எல்லாம் ஒரே நொடியில் சர்வரை மொய்க்காதபடி, ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் முன்பின்னாகக் கேட்குமாறும் அமைப்பதுண்டு.

ஆனால் பட்டியலே தவறாக இருந்தால்? 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று காட்டிக்கொடுத்தது. பல கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. பிணையத் தொடர்பையும் இழந்தன. தொடர்பே அற்றபின் திருத்திய பட்டியல் எவ்வழியே போய்ச் சேரும்? ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை வீழ்த்தியது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றும், விழுந்தவை தாமாக எழவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஆதலால் கவனமுள்ளோர் புதுப் பட்டியலை முதலில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களில் இட்டு, சிறிது நேரம் பார்த்துவிட்டே பிறவற்றுக்குத் தருகிறார்கள். அந்தச் சிறிது நேரமும் மற்றவை பழைய படங்களை வைத்துக்கொண்டுதானே காவல் காக்கின்றன! எவ்வளவு பொறுப்பது என்பதில் வல்லுநர்களிடையே ஒரே கருத்து இல்லை. என்னைக் கேட்டால், ஒரு மணி நேரம் பொறுக்கலாம். ஒரு வாரம் கூடாது.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஒன்று பின்தங்கும். சர்வரின் திரையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரே 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' காட்டப்படும். ஒருமுறை கோடை விடுமுறை முடிந்து எங்கள் ஆய்வகத்தைத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் அன்றைய தேதி. ஒன்றே ஒன்று மட்டும் ஏப்ரலிலேயே நின்றிருந்தது. மாணவர்கள் பென்டிரைவைச் செருகுவது பெரும்பாலும் கதவருகே இருந்த அதில்தான்! கம்பியை மாற்றினோம், நிரலை மறுபடி நிறுவினோம், பயனில்லை.

காரணம் இதுதான். பட்டியலுடன் நிறுவனத்தின் கணித முத்திரை ஒன்றும் வரும். வழியில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. அந்த முத்திரைக்குரிய சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டும் உண்டு. எங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரமோ பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. 'இந்தச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லையே' என்று அது ஒவ்வொரு பட்டியலையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது! மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் செல். வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தோம். முள் 2 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. கடைத்தெருவில் புது செல் வாங்கி வந்து போட்டு, தேதியைத் திருத்தினோம். சில நிமிடங்களில் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.