நோயாளியின் இரகசியமும் ஊழியரின் கடமையும்

நோயாளி ஒருவர் வைத்தியரிடமோ சுகாதார ஊழியரிடமோ கூறும் செய்தி, சிகிச்சையின் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் போன்றதாகும். அது வெளியே பரவுமாயின் அவர் மீண்டும் உண்மையைக் கூறார். மற்றவரும் பரிசோதனைக்கு வரத் தயங்குவர். இக்கடமையின் பல கூறுகளையும் ஆராய்வதற்குக் கோலார் தங்கவயல் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

தூசியும் நோயும்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அக்காலம் முழுவதும், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கு உழைத்தனர். தங்கம் குவார்ட்ஸ் என்னும் பாறையில் கலந்திருந்தது. அதனைத் துளைத்து வெடிக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலிற் படிந்து தழும்பை உண்டாக்கும். இதுவே சிலிக்கோசிஸ். 1940-க்களில் அங்கு நடைபெற்று, 1947-இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது.

சிலிக்கோசிஸ் ஒட்டுநோயன்று. ஆயினும் அதனால் நலிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும். இருமல் இரண்டுக்கும் பொது. வரிசையாக அமைந்த லைன் வீடுகளில், வாயிலில் நின்று உரைப்பது அடுத்த வீட்டாருக்கும் கேட்கும். ஊழியரின் கவனமற்ற ஒரு சொல்லால், தொற்றாத நோயுடையவரும் ஒதுக்கப்படக்கூடும்.

மறைப்பதும் அறிவிப்பதும்

நோயாளியின் இரகசியத்தை வெளியிடலாகாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் விதிக்கின்றன. நீதிபதியின் கட்டளை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ நேரக்கூடிய கடும் அபாயம், அறிவிக்கத்தக்க நோய் ஆகியவை விதிவிலக்குகள். காசநோய் 2012-இல் அறிவிக்கத்தக்க நோயாயிற்று. சுரங்கத் தொழிலாளரின் சிலிக்கோசிஸைத் தலைமை ஆய்வாளருக்கு அறிவிக்குமாறு 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வைத்தியரைப் பணித்திருந்தது. இத்தகைய அறிவிப்பு உரிய அதிகாரிக்கு மட்டுமே உரியது; அண்டை வீட்டாருக்கு அன்று. எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, உரியவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடுவதைத் தடுக்கின்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தது.

நோயாளியிடமே மறைத்தல் ஆகாது

இரகசியம் காப்பது பிறரிடமிருந்தேயன்றி நோயாளியிடமிருந்து அன்று. எக்ஸ்ரே படமும் நோய்ச் சான்றும் இல்லாத தொழிலாளி நஷ்டஈடு கோருவது அரிது. அன்றியும், சிலிக்கோசிஸ் வேலையை விட்டபின்னும் முற்றக்கூடும். பழைய படத்துடன் ஒப்பிட்டாலன்றி அதன் போக்கை அறிதல் கடினம். நோயாளி தம் குறிப்புகளைக் கேட்பின் 72 மணி நேரத்திற்குள் வழங்கவேண்டும் என்று மேற்கூறிய ஒழுங்குமுறைகளே பணிக்கின்றன.

நடைமுறையிற் செய்யவேண்டியவை

வீடு தேடிச் செல்லும் ஊழியர், நோயின் பெயரைத் தெருவில் உச்சரித்தலாகாது. நோயாளி வீட்டில் இல்லாவிடின், தாம் வந்த செய்தியை மட்டும் கூறி மீளவேண்டும். காசநோயாளியின் வீட்டாரைச் சோதிக்க நேரின், காரணத்தை முதலில் நோயாளிக்கு விளக்கி, அவர் இசைவைப் பெறுதல் நன்று. பதிவேட்டை மேசைமீது திறந்து வைத்தலும், பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டுதலும் தவறாகும்.

ஆசிரியர், மாணவனின் மருத்துவச் சான்றை வகுப்பில் படித்தலாகாது. அவன் தந்தையின் நோயைப் பற்றிப் பிறர் முன்னிலையில் வினவுதலும் கூடாது. சிலிக்கோசிஸ் தொற்றாது, காசநோய் மருந்தாற் குணமாகும் என்னும் உண்மைகளை எவர் பெயரையும் சுட்டாமல் வகுப்பு முழுவதற்கும் கற்பிக்கலாம். அறிவு பரவவேண்டும், ஆளின் பெயர் பரவவேண்டியதில்லை.