டீசலின் சாயம் வெளுத்த கதை

வயலில் உழும் டிராக்டருக்கும் நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கும் ஊற்றுகிற டீசல் ஒன்றுதான். பிரிட்டனில் இரண்டுக்கும் கந்தக வரம்புகூட ஒன்றே. வேறுபடுவது வரி. 2011 முதல் 2022 மார்ச் வரை அங்கே சாலை வாகன டீசலுக்கு லிட்டருக்கு 57.95 பென்ஸ் தீர்வை. டிராக்டருக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் போகும் டீசலுக்கு 11.14 பென்ஸ் மட்டும். சாலைக்கே வராத இயந்திரத்துக்குச் சாலை வாகனத்தின் வரி எதற்கு என்ற நியாயத்தில் கொடுத்த சலுகை அது. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 468 பவுண்டு வித்தியாசம் என்றால், அந்த டீசலைக் காருக்கும் லாரிக்கும் திருப்பிவிட ஆள் கிளம்பாமல் இருக்குமா?

அதைத் தடுக்கத்தான் சலுகை டீசலில் சாயம் கலக்கிறார்கள். பிரிட்டனில் அது சிவப்பு. அயர்லாந்துக் குடியரசில் பச்சை. பிரான்சின் சலுகை டீசலும் ஜெர்மனியில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயும் சிவப்பு; நார்வேயில் பச்சை. எந்த நிறமானாலும் அந்த எரிபொருள் காரின் தொட்டியில் இருந்தால் குற்றம். எல்லை தாண்டி வந்தேன், எங்கள் ஊரில் வாங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. வரி கட்டிய டீசலைத் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு ஒரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகப் போகலாம். சாயமிட்ட டீசலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பொழுதுபோக்குப் படகுகளுக்குச் சிவப்பு டீசலை அனுமதித்த பிரிட்டனின் படகுக்காரர்கள், அதே தொட்டியோடு பெல்ஜியத் துறைமுகங்களுக்குப் போய் அபராதம் கட்டியிருக்கிறார்கள். அப்படி அனுமதித்ததே ஒன்றியத்தின் விதிகளுக்கு முரண் என்று 2018 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது.

சிவப்பும் பச்சையும் சந்திக்கிற இடம் அயர்லாந்துத் தீவு. வடக்கே பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்து, தெற்கே குடியரசு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள். 1993க்குப் பிறகு சுங்கச் சோதனை கிடையாது. டீசலிலிருந்து சாயத்தைப் பிரித்து, அதைச் சாலை டீசலாக விற்கும் ரகசிய ஆலைகள் தெற்கு ஆர்மா, லௌத், மொனகன் பகுதிகளின் பண்ணைக் கொட்டகைகளில் பெருகியதற்கு இந்தப் புவியியல் பெரிய காரணம்.

சாயத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டனின் சிவப்பு டீசலில் மூன்று பொருள்கள் சேர்க்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியும் சிவப்புச் சாயம் ஒன்று. இரண்டாவது குவினிசரின், காரத்தோடு சேர்த்துக் குலுக்கினால் ஊதாவாக மாறும். மூன்றாவது சால்வென்ட் யெல்லோ 124. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான அடையாளமாக 2001இல் தேர்ந்தெடுக்கப்பட்டது இது. லிட்டருக்கு 6 முதல் 9 மில்லிகிராம்தான் சேர்த்தார்கள். டீசலில் இந்த மெல்லிய மஞ்சள் தனியே தெரியாது. நீர்த்த அமிலத்தோடு குலுக்கினால், மூலக்கூறின் வால்பகுதி அறுந்து, மீதிப் பகுதி அமிலத்தை ஏற்றுச் சிவந்து, எண்ணெயை விட்டு நீருக்குள் இறங்கிவிடும். பிளஸ் டூ ஆய்வகத்தில் மெத்தில் ஆரஞ்சு அமிலத்தில் சிவந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல; இரண்டு மூலக்கூறுகளும் ஒரே அசோ குடும்பம், ஒரே எலும்புக்கூடு.

சாலையோரம் வண்டியை நிறுத்தும் அதிகாரி, தொட்டியிலிருந்து கொஞ்சம் டீசலை உறிஞ்சி, சோதனைக் குழாயில் குலுக்கி, அங்கேயே விடை சொல்லிவிடலாம். ஐம்பது லிட்டரில் ஒரு லிட்டர் மட்டும் சலுகை டீசல் கலந்திருந்தாலும் லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் அடையாளப் பொருள் மிஞ்சும். கண்ணுக்குத் தப்பினாலும் ஆய்வகக் கருவி அதைப் பிடித்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இதே வேதியியலில் இருக்கிறது. அமிலம் தொட்டதும் எண்ணெயை விட்டு இறங்கிவிடும் மூலக்கூறை, அமிலத்தாலேயே வெளியேற்றிவிடலாம் அல்லவா? சாயத்தை வெளுக்கும் அந்த ரகசியச் ‘சலவை’ ஆலைகள் கந்தக அமிலத்தை ஊற்றின. அல்லது களிமண்ணில் வடித்தன: எண்ணெயை வெளுக்கப் பயன்படும் மண், பூனைகளின் கழிவுக்காகக் கடையில் விற்கும் களிமண் குருணை, செயலூட்டிய கரி. மின்முனைவுள்ள சாய மூலக்கூறுகள் களிமண்ணில் ஒட்டிக்கொள்ள, முனைவற்ற டீசல் வெளிறி வழிந்துவிடும். எளிதில் வினைபுரிவதால்தான் அந்த அடையாளத்தை எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது; எளிதில் வினைபுரிவதால்தான் அதை எளிதில் அழிக்கவும் முடிந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் வரி இழப்பைவிட வேதனை தருவது, வடித்த பிறகு மிஞ்சுவது. அமிலமும் சாயமும் எண்ணெயும் கலந்த தார் போன்ற கசடு. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளில் அடைத்து, இரவோடு இரவாகச் சாலையோரத்திலும் சதுப்பு நிலத்திலும் ஆற்றங்கரையிலும் விட்டுவிட்டுப் போனார்கள். தொட்டி கசிந்தால் மண்ணுக்குள், மழை பெய்தால் ஓடைக்குள். அள்ளிப் பாதுகாப்பாக அகற்றும் செலவு பொதுப் பணத்தின் தலையில். விலை மலிவு என்று அந்த டீசலைப் போட்டுக்கொண்டவரின் எஞ்சினும் தப்பவில்லை. மிஞ்சிய அமிலம் எரிபொருள் பம்பையும் உட்செலுத்திகளையும் அரித்தது.

இதற்கு விடையாக, 2015 ஏப்ரலில் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஒரு புதிய அடையாளப் பொருளைக் கொண்டுவந்தன. அதன் சாரம் பியூட்டாக்சிபென்சீன். அதற்கு நிறமில்லை. அமிலத்துக்கும் காரத்துக்கும் மசியாது. களிமண்ணிலும் கரியிலும் எளிதில் ஒட்டாது. கொதிநிலை சுமார் 210 டிகிரி செல்சியஸ், அதாவது டீசல் ஆவியாகும் வெப்ப எல்லைக்கு உள்ளேயே. காய்ச்சி வடித்தும் பிரிக்க முடியாது. டீசலோடு டீசலாக இருக்கிற பொருள். அந்தக் காரணத்தாலேயே சோதனைக் குழாய் அதிகாரிக்கு உதவாமல் போயிற்று. வாயு நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் இணைந்த விலையுயர்ந்த கருவி வேண்டும். வண்டியில் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுபோகும் வகைக் கருவிகளை அதற்காகவே வாங்க வேண்டியிருந்தது. மறைந்திருக்கும் அடையாளத்துக்கு இது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். இந்த மாற்றத்துக்குப் பிறகு அயர்லாந்தில் சலவை ஆலைகள் வெகுவாகக் குறைந்தன. 2022இல் ஐரோப்பிய ஒன்றியமும் பழைய மஞ்சளைக் கைவிட்டுப் பியூட்டாக்சிபென்சீனைத் தேர்ந்தெடுத்தது; 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

நமக்கும் இதில் ஒரு துயரப் பங்கு உண்டு. ரேஷன் மண்ணெண்ணெயின் நீல நிறம் இதே நோக்கத்துக்கானதுதான். மானிய மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்படாமல் தடுக்க. 2006 அக்டோபரில் அதில் மறை அடையாளப் பொருளும் சேர்க்கப்பட்டு, 2008 இறுதியோடு கைவிடப்பட்டது. கலப்படத்தைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே, அதே கலப்படத்தைத் தடுக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே உயிரோடு எரிக்கப்பட்டார். இந்த நீலத்தைப் பற்றி எழுதும்போது இவர்கள் பெயரை விட்டுவிட மனம் வரவில்லை.

மீண்டும் அயர்லாந்துக்கு வந்தால், புதிய அடையாளத்தை அழிக்க முடியாதவர்கள் வேறு வழி தேடினார்கள். அங்கே மண்ணெண்ணெயும் மசகு எண்ணெய்களும் டீசலுக்குள் நுழையத் தொடங்கின. விலை வித்தியாசம் இருக்கும்வரை இது ஓயாது. எனவே சலுகையின் பரப்பையே குறைப்பதும் வேதியியல் அளவுக்கு முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல் பிரிட்டன் கட்டுமானத் துறை உட்படப் பல துறைகளுக்குச் சிவப்பு டீசலை நிறுத்தி, விவசாயம், வனம், மீன்பிடி, ரயில் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விட்டுவைத்தது. காற்று மாசைக் குறைப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனாலும் காரின் தொட்டிக்குத் திருப்பிவிடக் கிடைக்கும் சலுகை டீசலின் அளவு அதனால் சுருங்கியிருக்கிறது.