உணவுரிமையும் காக்கும் கடமையும்: ஹென்றி ஷூவின் புலமைப் பணி

அமெரிக்க மெய்யியலாளர் ஹென்றி ஷூ, 1976இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல், பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர். அப்பணிக்காலத்தில் வெளிவந்ததே ‘அடிப்படை உரிமைகள்’ (1980) என்னும் அவரது நூல். தாக்கப்படாதிருக்கும் உரிமைக்குப் பிறர் விலகி நின்றாலே போதும். உணவுரிமைக்கோ அரசு செலவிட வேண்டும். ஆகவே பின்னது உரிமையாகாது என்பர் மறுப்போர். காவல்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் செலவில்லையா என்பது ஷூவின் எதிர்வினா. பறிக்காமை, பறிப்போரிடமிருந்து காத்தல், இழந்தோர்க்கு உதவுதல் ஆகிய மூன்று கடமைகளும் அடிப்படை உரிமை ஒவ்வொன்றிற்கும் உரியன என அவர் நிறுவினார். இவற்றுள் காத்தலே கூர்ந்து நோக்கத்தக்கது. அவரது எடுத்துக்காட்டில், அவரை விளைந்த நிலம் ஒப்பந்தத்தால் ஏற்றுமதிப் பூக்களுக்கு மாறுகிறது. வேலை குறைய, அவரையின் விலை ஏற, ஏழைக் குழந்தைகள் பசிக்கின்றனர். இங்கு வேண்டியது ஈகையன்று, தடுப்பு. கார்னெல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய ஷூ, பின்னர்க் காலநிலை நீதியை ஆராய்ந்தபோதும் காத்தலையே முன்வைத்தார்.