குழந்தைக்குத் தீப்புண்: எந்தக் கட்டு என்று எழுதி வாங்குங்கள்

கொதிக்கும் ரசமோ பாலோ கொட்டி வெந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களில் பலர், புண்ணின் மேல் பற்பசை, மஞ்சள், இட்லி மாவு, பேனா மை என்று எதையாவது அப்பிக்கொண்டே வருகிறார்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் குழந்தை படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதாயில்லை. வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் அரைஞாண், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். எதையும் அப்பாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் தரும் வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசின். பிறந்து 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு அதைப் போடவே கூடாது. மேலோட்டமான புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும். படலமாகப் படிந்து புண்ணின் ஆழத்தையும் மறைத்துவிடும். டாக்டர் பார்க்குமுன் தடவாதீர்கள்.

கட்டைத் தீர்மானிப்பது புண்ணின் ஆழம். சிவந்து, ஈரமாக, தொட்டால் துடிக்கிற புண் மேலோட்டமானது. அதற்கு பாராஃபின் வலைத்துணி போதும். சுத்தமான புதுப் புண்ணானால் கொலாஜன் ஷீட்டும் வைக்கலாம். கீழே தோல் வளர வளர அந்த ஷீட் காய்ந்து தானே உரியும். வெள்ளி கலந்த ஃபோம் கட்டைச் சில நாள் பிரிக்காமல் விடலாம் என்பதால் குழந்தைக்கு வேதனை குறைவு. வெளுத்துப்போய் வலியே தெரியாத புண்தான் ஆழமானது. 'அழவில்லை, பரவாயில்லை' என்று இருந்துவிடாதீர்கள். அதற்குத் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

வெறும் காஸ் துணியை நேரடியாக வைத்துக் கட்டுவது இன்னும் நடக்கிறது. மறுநாள் அது புண்ணோடு காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முத்து முத்தாக ரத்தம் துளிர்க்கும், முளைத்த புதுத்தோலும் கூடவே வரும். இழுக்க விடாதீர்கள். சலைன் ஊற்றி ஊறவைத்து எடுக்கச் சொல்லுங்கள். வலி மருந்தை முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை.

குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். வெந்த பரப்பு அதுபோல் ஐந்தைத் தாண்டினாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு வெந்தாலோ, மின்சாரம் தாக்கினாலோ 108-ஐ அழைத்து, தீக்காயப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் புண்ணின் ஆழம், சதவீதம், வைத்த கட்டின் பெயர், வைத்த தேதி, பிரிக்க வேண்டிய நாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 'டிரஸ்ஸிங் செய்யப்பட்டது' என்று ஒரு வரி கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். இந்த விவரங்கள் இல்லாமல் அடுத்த டாக்டரிடம் போனால், பிரிக்கக் கூடாத கட்டை அவர் பிரித்துவிடக்கூடும். மருத்துவப் பதிவேட்டின் நகல் தர மறுத்தால் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அரசு மருத்துவமனையானால் நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.) அறைக்குப் போங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால், கட்டுப் பொருளை வெளியே வாங்குமுன் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

இன்னொன்று. புண் சின்னதாக இருந்தாலும், வெந்த சில நாளில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, சோர்வு வந்தால் பல் முளைக்கிற காய்ச்சல் என்று சிரப் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரையே பறிக்கும். அன்றே, நள்ளிரவானாலும் போங்கள். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்க்கச் சொல்லாமல் திரும்பாதீர்கள்.