பெரிய கப்பலுக்கு முன் ஒரு சின்னப் படகு

மரத்தில் கப்பல் மாதிரி செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. உங்களுக்கு வயது பன்னிரண்டோ பதினாறோ இருக்கலாம். கூரான கத்தி பிடித்துப் பழக்கமில்லை, வீட்டில் யாருக்கும் தச்சு வேலை தெரியாது. அதனால் ஒன்றும் குறைவில்லை. இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் நீங்கள் படிக்கும் மேசையிலேயே அடங்கிவிடும். எதில் தொடங்குகிறீர்கள் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்து முடிவு செய்யுங்கள்.

‘விக்டரி’ கப்பலிலேயே தொடங்கலாமா? ஆசை வந்தவர்கள் பலரும் முதலில் கேட்பது இதுதான். 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் நின்று போர் நடத்திய கப்பல் அது. இன்றும் இங்கிலாந்தில், போர்ட்ஸ்மவுத்தில் இருக்கிறது. அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போரின்போது அதில் 104 பீரங்கிகள் இருந்தன. ஒவ்வொரு பீரங்கி வண்டிக்கும் நான்கு சக்கரம், இரண்டு அச்சு, இரண்டு பக்கப் பலகை. அதற்கு மேல் மூன்று பாய்மரங்களும் அவற்றின் கயிறுகளும். கை பழகியவர்களுக்கே வருடக்கணக்கில் இழுக்கும் வேலை இது. முதல் கப்பலாக எடுத்தவர்களில் பலர் பாதியில் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை, எடுத்த வேலை பெரிது.

அப்படியானால் எதைச் செய்வது? நான் சொல்வது டோரி. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து அருகிலுள்ள மீன்வளத் திட்டுகளுக்குப் போன மீனவர்களின் துடுப்புப் படகு அது. அடிப்பாகம் தட்டை, பக்கங்கள் வெளிப்புறம் சாய்ந்திருக்கும். உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டால் டம்ளர்களை அடுக்குவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாகப் பாய்க்கப்பலின் தளத்தில் அடுக்கிவிடலாம். பாய்மரக் கயிறு, பீரங்கி என்ற தொல்லை எதுவும் இல்லை. பக்கத்துக்கு மூன்று நான்கு பலகைகள்தான். தட்டையான அடி என்பதால் மேசையில் ஆடாமல் நிற்கும்.

எவ்வளவு பெரிதாக வரும்? 1:24 அளவில் செய்யுங்கள். நிஜப் படகின் 24 அங்குலம் உங்கள் மாதிரியில் 1 அங்குலம் என்று பொருள். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 18 அடிப் படகு 9 அங்குலமாக வரும். ஆறடி மனிதன் மூன்று அங்குலம். கையில் பிடித்து வேலை செய்ய வசதியான அளவு இது.

கிட் வாங்க வேண்டுமா? டோரிக்கென்றே தொடக்கநிலைக் கிட்டுகள் உண்டு. அவற்றில் பலகைகள் வெட்டியே வரும். வாங்க வசதியில்லை என்றால், ஒரு வரைபடத்தை 1:24 அளவில் அச்சிட்டு, முதலில் கெட்டி அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். எந்தப் பலகை எங்கே வளைகிறது என்பது ஒரே மாலையில் புரிந்துவிடும். அட்டையில் செய்த தவறுக்குச் செலவு கிடையாது.

எந்த மரம்? கிட்டுகளில் பெரும்பாலும் பாஸ்வுட் வரும். வெளிர் நிறம், நெருக்கமான இழை, கத்திக்கு இணங்கும். பால்சா கிடைக்கிறதே என்பீர்கள். நகம் பட்டாலே பள்ளம் விழும், விளிம்பு நொறுங்கும். வேண்டாம். பழகிப் பார்க்க மட்டும் என்றால் காப்பி கலக்கும் மெல்லிய மரக்குச்சிகளே போதும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூர்மையான கைவேலைக் கத்தி, ஸ்டீல் ஸ்கேல், இரண்டு தரத்தில் உப்புத்தாள், சாமணம், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன். மின்கருவி எதுவும் முதல் படகுக்குத் தேவையே இல்லை. கத்தி மழுங்கினால் உடனே தகடை மாற்றுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் அழுத்திப் பிடிப்போம், அதுதான் வழுக்கி விரலில் ஏறும். வெட்டும்போது மற்றக் கை கத்தி போகும் பாதையில் இருக்கக் கூடாது. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். படகின் உடலைத் தாங்குபவை வங்குகள் (விலா எலும்புபோல் குறுக்கே நிற்கும் சட்டங்கள்). அடிப்பலகையில் வங்குகளையும் முன்முனைக் கட்டையையும் பின்பலகையையும் நிறுத்தியதும், உடனே பக்கப் பலகையை ஒட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். படகு முனைகளை நோக்கிக் குறுகுவதால், பக்கப் பலகை ஒவ்வொரு வங்கையும் சாய்வாகத்தான் தொடும். வங்கின் விளிம்பு சதுரமாக இருந்தால் அதன் ஒரு மூலை மட்டுமே பலகையில் படும். விளிம்பு முழுவதும் படும்வரை உப்புத்தாளால் சாய்வாக இழைக்க வேண்டும்.

சரியாக இழைத்துவிட்டோம் என்று எப்படித் தெரியும்? ஒரு மெல்லிய மரப்பட்டையை எல்லா வங்குகளின் மேலும் நீளவாக்கில் படியவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டைக்கும் வங்குக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த வங்கு தாழ்ந்திருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு காகிதக் கீற்றை ஒட்டி உயர்த்துங்கள். பட்டை ஓரிடத்தில் முண்டிக்கொண்டு நின்றால் அந்த வங்கை இன்னும் இழைக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மாலைகள் போகும். போகட்டும். இங்கே விட்ட மேடு பள்ளம் பின்னால் எத்தனை பூச்சு பூசினாலும் மறையாது.

பலகை வளையாமல் உடைந்துவிடுமே? உலர்ந்த மரத்தை மடக்கினால் உடையத்தான் செய்யும். சூடான நீரில் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவிட்டால், மர இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் (மரத்துக்குள் இருக்கும் இயற்கைப் பசை) இளகிக் கொடுக்கும். விரல்களால் மெதுவாக வளைத்து, பசை போடாமல், படகின் மேலேயே கிளிப் மாட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கிளிப்பை எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும். அதன் பிறகு பசை.

ஈரத்தோடே ஒட்டினால் என்ன? என் முதல் படகில் அதைத்தான் செய்தேன். ஒட்டியபோது இடைவெளியே தெரியவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்குக் கீறல். நனைந்த மரம் அகலவாக்கில் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாங்கிய மரத்தை வேலை செய்யும் அறையிலேயே சில நாள் வைத்திருந்துவிட்டுத் தொடங்குங்கள்.

இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்து இழுப்பில் படகு கோணிவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. டோரியில் பலகைகள் கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன் விளிம்பில் இன்னொன்று ஏறி உட்காரும். ஏறும் அகலத்தை முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பசை? ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். சரிசெய்யச் சில நிமிடம் அவகாசம் தரும், வழிந்ததை ஈரத்துணியால் துடைக்கலாம். ஒரு சொட்டு விட்டுப்போனாலும் அந்த இடத்தில் எண்ணெயோ சாயமோ ஏறாமல் திட்டாகத் தெரியும். நொடியில் ஒட்டும் பசை விரலையும் பிடித்துக்கொள்ளும், ஆவி கண்ணை எரிக்கும். அவசியம் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர் ஒருவரோடு பயன்படுத்துங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள்.

வேலை நடுவில் அலுப்பு தட்டினால் வின்ஸ்லோ ஹோமர் 1885-இல் வரைந்த ‘தி ஃபாக் வார்னிங்’ ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய மீன்களோடு டோரியில் தனியாகத் துடுப்புப் போடும் மீனவர், தொலைவில் தாய்க்கப்பல், அடிவானத்தில் மூடுபனி. நீங்கள் இழைக்கும் அந்த வளைவு எந்த அலையில் ஏறி இறங்கியது என்பது அப்போது தெரியும்.

டோரி முடிந்ததும் அடுத்தது எது? ஒரே பாய்மரம் உள்ள, உருண்ட வயிறு கொண்ட சிறு படகு. அதில் ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) இருக்கும், பலகைகளும் அதிகம். அங்கே ஒரு புதுக் கணக்கு வரும். நடுவங்கின் வளைவை நூலால் அளந்தால் 60 மி.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. பலகை 12 வேண்டும். அதே 12 பலகைகளும் முன்முனைக்குப் போகும்போது அங்கே இருப்பது 36 மி.மீ. மட்டுமே என்றால், ஒவ்வொன்றும் 3 மி.மீட்டராகக் குறுக வேண்டும். இதை அளக்காமல் தொடங்கினால் முன்பக்கம் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எல்லா வங்குகளையும் இப்படி நூலால் அளந்து, பிரிவுகளைப் பென்சிலால் குறித்த பிறகு முதல் பலகையை வெட்டுங்கள்.